கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது, காவல் நிலையத்துக்கு ஒரு புகார்

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது என்றால் என்னவென்று நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெயர், ஊர், என்ன குறை, யாரால் குறை என்று ஒரு தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, விபூதியோடு மடித்து முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட்டு வர வேண்டும். ஊரிலிருந்து கோயில் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்து அதற்கும் ஒரு சிறு தொகை உண்டு. தொண்ணூறு நாளில் சாமி தீர்த்து வைப்பார் என்பது நம்பிக்கை. குறை தீர்ந்ததும் மறுபடி வந்து ராஜினாமா கொடுக்க வேண்டும்.

பிராது, ராஜினாமா இரண்டும் கச்சேரிச் சொற்கள். கச்சேரி வாசற்படி ஏற முடியாத சனங்கள் கச்சேரியின் பேச்சையே கோயிலுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுவதும் இதே வகைதான். ‘எனக்கு நல்லது செய்’ என்று இறைஞ்சுவது ஒரு பிரார்த்தனை. ‘எனக்கு அநியாயம் நடந்திருக்கிறது, விசாரி’ என்று கேட்பது வேறொரு பிரார்த்தனை. நம் தெருக்களில் இரண்டாவதுதான் அதிகம்.

கையறு நிலையில் பிரார்த்தனை உதவுமா என்ற கேள்விக்கு எங்களிடம் பல ஆண்டுகளாக ஒரே பதில்தான் இருந்தது. உதவாது, அது நம்மை உட்கார வைத்துவிடும். பெரியாரையும் அம்பேத்கரையும் படித்து வளர்ந்த எங்களுக்கு அந்தப் பதிலில் சந்தேகம் வந்ததில்லை. வன்கொடுமை நடந்த ஊருக்குப் போனால், முதலில் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரை எழுப்பிப் புகார் எழுதுவதுதான் எங்கள் வேலை. அந்தப் பதில் ஒரு வழக்கில் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

ஊர் பெயர் வேண்டாம். வழக்கு இன்னும் நடக்கிறது. பத்தொன்பது வயதுப் பையன், ஊர்த்தெரு வழியே வண்டியில் போனதற்காக நிறுத்தி அடிக்கப்பட்டான். இடது கை முறிந்தது. கேட்கப் போன அம்மாவையும் விடவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அரசு மருத்துவமனையில் மூன்றாவது நாள். காவல் நிலையத்தில் முதலில் மனு ரசீது மட்டும் கொடுத்தார்கள். நாங்கள் போய் நின்ற பிறகு முதல் தகவல் அறிக்கை வந்தது. அதில் இருந்தது நான்கு வரி: முன்விரோதம், வாய்த்தகராறு, கைகலப்பு, காயம். கீழே அந்த அக்காவின் கைநாட்டு.

“என்ன நடந்ததுன்னு சொல்லுங்கக்கா” என்று நாங்கள் கேட்டபோதும் அதற்கு மேல் வரவில்லை. “அடிச்சாங்க தம்பி, அவ்ளோதான்.” நூறு நாள் வேலையும் ஊர்க்காரர் கொல்லையில் களை வெட்டும் கூலியுமாகப் பிழைப்பவர். அடித்த வீட்டில்தான் கடனும் வாங்கியிருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

நான்காவது நாள் காலையில், கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். எங்களுக்குக் கோபம் வந்தது. அன்றைக்குத்தான் டிஎஸ்பி அலுவலகத்துக்குப் போவதாக இருந்தோம். “சாமி எங்கக்கா போயிடப் போறாரு, அப்புறம் பாத்துக்கலாம்” என்றோம். அவர் கேட்கவில்லை. கடைசியில் எங்களில் இருவர் கூடவே போனோம், திரும்பும் வழியில் டிஎஸ்பி அலுவலகம் போகலாம் என்ற கணக்கில்.

அவருக்கு எழுதத் தெரியாது. ஆகவே பிராதையும் நாங்களே எழுத வேண்டியிருந்தது. கடவுள் இல்லை என்று மேடையில் பேசுகிற கை, மண்டபத்தில் உட்கார்ந்து கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதியது. நண்பர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். முக்கால் மணி நேரம் சொன்னார். யார் முதலில் வண்டியை மறித்தது, எந்தக் கையால் கட்டையை எடுத்தது, தேநீர்க்கடை வாசலில் யார் யார் நின்று பார்த்தது, சாதிப் பெயரைச் சொல்லி என்ன கேட்டார்கள், தன் சேலையைப் பிடித்து இழுத்தபோது என்ன சொன்னார்கள், கடனைச் சொல்லி எப்படி மிரட்டினார்கள். எழுதுகிற எங்களுக்குக் கை நடுங்கியது. “இதையெல்லாம் ஏங்கக்கா ஸ்டேஷன்ல சொல்லல?” என்று கேட்டோம். “அங்க அவங்க நின்னாங்க தம்பி. இங்க சாமிகிட்ட மறைக்க முடியுமா?” என்றார்.

சட்டம் தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் குற்றம் நிற்பதற்கு, அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். தேநீர்க்கடை வாசல் என்ற இரண்டு சொல் இல்லாமல் அந்தப் பிரிவு நிற்காது. வாயால் சொன்ன புகாரை எழுதிக்கொண்ட பிறகு, கையெழுத்து வாங்கும் முன் அதைப் புகார்தாரருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதிகாரியின் சட்டப்படியான கடமை. அதை வேண்டுமென்றே செய்யாமல் விடும் அரசு ஊழியர் மீதே வழக்குப் போடலாம். அக்காவுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. கோயிலில் நாங்கள் படித்துக் காட்டினோம், அவர் கேட்டதால். “சாமிகிட்ட தப்பா போயிடக் கூடாது, ஒருவாட்டி படி” என்றார்.

பிராதை நகல் எடுத்துக்கொண்டுதான் கட்டினோம். அன்று மாலை டிஎஸ்பியிடம் கொடுத்த கூடுதல் மனு அந்த நகலிலிருந்து எழுதப்பட்டது. அடுத்த திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் அதையே கொடுத்தோம். மறுவாக்குமூலம் வாங்கினார்கள், பிரிவுகள் சேர்ந்தன. இந்தச் சட்டத்தின் கீழான வழக்கில் அறுபது நாளில் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை கொடுக்க வேண்டும் என்கிறது விதி. எங்களுக்குப் பதினோரு மாதம் ஆனது. சாமிக்குத் தொண்ணூறு நாள், அரசுக்கு அறுபது நாள். இருவரும் கெடுவைத் தாண்டினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிரார்த்தனையால் நியாயம் கிடைத்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வாயடைத்துப் போயிருந்த ஒருவருக்கு, பயமில்லாமல் முழுதாகச் சொல்ல ஓர் இடம் தேவைப்பட்டது. காவல் நிலையம் அந்த இடமாக இல்லை. சங்கத்துக்காரர்களான நாங்களும் அந்த இடமாக இல்லை என்பதுதான் உறுத்துகிறது. புகாருக்குத் தேவையான கேள்விகளை அடுக்கினோமே தவிர, அவர் தன் போக்கில் சொல்ல விடவில்லை.

இதே பிரார்த்தனை எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்ததும் சமாதானப் பேச்சு தொடங்கியது. மருத்துவச் செலவைக் கொடுத்துவிடுகிறோம், கடனைத் தள்ளிவிடுகிறோம், கோயிலில் கற்பூரம் அடித்து முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். தேநீர்க்கடை வாசலில் நின்று பார்த்தவர்களில் இருவர் நம் தெருவினர். அவர்களைக் கூட்டிப்போய், ‘பார்க்கவில்லை என்றுதான் சொல்வோம்’ என்று கற்பூரத்தின்மீது சத்தியம் வாங்கிவிட்டார்கள். சாட்சிக் கூண்டில் இருவரும் அப்படியே சொன்னார்கள். ஒருவர் பிறகு எங்களிடம் அழுதார். “கோர்ட்டுல பொய் சொன்னா போலீசு வரும், சாமிகிட்ட பொய் சொன்னா புள்ளைக்கு வரும்ணே” என்றார். பிறழ்சாட்சியானது ஏன் என்று ஆய்வு செய்கிறவர்கள் மிரட்டல், பணம், தாமதம் என்று எழுதுகிறார்கள். கற்பூரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதிகாரிகள் கையில் கிடைக்கும் பிரார்த்தனை இன்னும் மோசம். திருவிழாத் தகராறு வந்தால் அமைதிக் கூட்டம் போடுவார்கள். ‘சாமி எல்லோருக்கும் பொது, கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்’ என்பார்கள். யார் விட்டுக்கொடுப்பது? பொதுச் சாமியின் தேர் நம் தெருவுக்கு வராமல் போவதுதான் அந்த விட்டுக்கொடுத்தல். பக்கத்து விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மனைக் கும்பிட நம் சனம் உள்ளே போனதற்கு, 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்க வேண்டியிருந்தது. ஆலய நுழைவுச் சட்டம் இந்த மாநிலத்தில் 1947இலேயே வந்துவிட்டது. வழிபாட்டுத் தலத்தில் நுழைய விடாமல் தடுப்பது வன்கொடுமைச் சட்டப்படியும் குற்றம். பிரார்த்தனை ஒன்றுக்கும் உதவாது என்றால், நாம் செய்வதைத் தடுக்க ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்த மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி பழையது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஆதனூர்தான் நந்தனாரின் ஊர். தில்லையைக் காண வேண்டும் என்ற ஒரே வேண்டுதலோடு இருந்தவர் தீக்குள் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது என்கிறது பெரியபுராணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கீர்த்தனையாக்கியபோது, பண்ணையாளைப் போகவிடாத வேதியர் ஒருவரைப் படைத்துச் சேர்த்தார். சேக்கிழாரிடம் அந்த ஆண்டை இல்லை. கதையில் ஆண்டையைச் சேர்த்த பாரதியார், நம் பார்வையில், உண்மைக்குக் கூடுதல் நெருக்கமானார். நிலத்துக்கும் சாமிக்கும் நடுவில் ஆண்டை நிற்பதை அவர் பார்த்திருக்கிறார்.

அதே நந்தனாரின் பெயரில், காவி உடுத்திய துறவியான சுவாமி சகஜானந்தா 1916இல் சிதம்பரத்தில் பள்ளி தொடங்கினார். பக்தியை விடவில்லை, சட்டமன்றத்திலும் போய் உட்கார்ந்தார். அந்தப் பள்ளியில் படித்து அரசு வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தப் பத்தியை வாசித்துக்கொண்டிருப்பார்கள். நந்தன் நெருப்பில் இறங்கிய கதையை வைத்துக்கொண்டு அவர் இன்னொரு நெருப்பு மூட்டவில்லை, விடுதி அடுப்பை மூட்டினார். அவருடைய பக்தியோடு நமக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அவருடைய கட்டடத்தோடு இல்லை.

அம்பேத்கரையும் இங்கே சரியாக நினைவுகூர வேண்டும். 1930இல் நாசிக் காலாராம் கோயில் முன்பு போராட்டம் தொடங்கினார். ஐந்தாண்டு கழித்து, 1935 அக்டோபரில் இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் ஏற்றபோது 22 உறுதிமொழிகளைத் தந்தார். பழைய தெய்வங்களைக் கும்பிட மாட்டேன் என்பது அவற்றில் உண்டு. ஆனால், மும்மணிச் சரணமும் பஞ்ச சீலமும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். எதையும் கேட்காத, யாரிடமும் மன்றாடாத சொற்கள் அவை. கும்பிடுவதை விடச் சொன்னவர், தனியே இருக்கும் ராத்திரியில் சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லாமல் நம்மை விட்டுவிடவில்லை. நாங்கள் அந்தப் பாதியைத்தான் மறந்திருந்தோம்.

இன்னொரு கொடுமையையும் சொல்லாமல் விட முடியாது. இதே அடி, இதே தெரு, இதே தேநீர்க்கடை. ஆனால் அந்த அக்கா வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போகிற, ஞானஸ்நானம் எடுத்தவராக இருந்திருந்தால்? 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களில் இருப்பவர்களே பட்டியல் சாதியினர். அதிலும் சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும்தான் சேர்த்தார்கள். கிறித்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல், வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது, நிவாரணமும் கிடையாது. அடிக்கிறவன் யாரைக் கும்பிடுகிறாய் என்று கேட்டு அடிப்பதில்லை. எழுதுகிற அதிகாரி மட்டும் கேட்கிறார். கையறு நிலையில் யாரிடம் பிரார்த்திப்பது என்பதைக்கூடச் சாதிச் சான்றிதழைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய நாட்டில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகும் பலர் சான்றிதழில் இந்துவாகவே இருப்பதைக் கேலி பேசுகிறவர்கள், அந்த ஆணையை முதலில் படிக்க வேண்டும்.

இனி எங்கள் வேலையில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். பாதிக்கப்பட்டவர் கோயிலுக்கோ ஜெபத்துக்கோ போக வேண்டும் என்றால் தடுப்பதில்லை. கூடப் போகிறோம், தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு. ஆனால் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. புகார் முதலில், அதற்கு ரசீது வாங்காமல் எந்தச் சன்னிதிக்கும் போவதில்லை. வேண்டுதலுக்கென்று குழுக்கடன் எடுக்க விடுவதில்லை. நிவாரணத் தொகையின் முதல் தவணை கிடாவெட்டுக்கும் காதுகுத்துக்கும் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். எதிர்த்தரப்போடு சேர்ந்து கற்பூரம் தொடுவது கூடவே கூடாது. இதில் எங்களுக்குள் முழு உடன்பாடு இல்லை. பிராது எழுதிக் கொடுப்பதே மூடநம்பிக்கைக்குத் துணைபோவது என்று எங்களில் மூத்த தோழர் ஒருவர் இன்றும் சண்டை போடுகிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அடுத்த தலைமுறைக்கு இந்தத் தாள் தேவைப்படக் கூடாது என்பதுதான் எங்கள் ஆசையும். காவல் நிலையத்தில் அந்தத் தாளை ஒழுங்காக எழுதி வாங்கத் தொடங்கட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம்.

சாட்சிகள் இருவர் மாறிவிட்ட நிலையில், வழக்கு இப்போது அம்மாவையும் மகனையும் நம்பி நிற்கிறது. போன மாதமும் ஆள் வந்தார்கள். அக்காவிடம் பேச்சை மாற்றிப் பார்த்தார்கள். நீதிமன்றத்தில் எதுவும் சொல்ல வேண்டாம், கொளஞ்சியப்பரிடம் போய் ராஜினாமா மட்டும் கொடுத்துவிடு, மனசாறிவிடும் என்றார்களாம்.

“கொற தீந்தாதான ராஜினாமா? தீக்கலையே” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அடுத்த வாய்தாவுக்கு முதல் பேருந்துக்கே வந்துவிடுவதாகச் சொன்னார். பையனின் கையில் வைத்த கம்பியை எடுக்க வேண்டுமாம். நிவாரணத்தின் அடுத்த தவணை எப்போது வரும் என்று கேட்டார். குற்றப்பத்திரிகை போட்டதுமே வந்திருக்க வேண்டிய தொகை அது. திங்கட்கிழமை மறுபடி மனு கொடுக்கப் போகிறோம்.