பேராயர் வீட்டில் ஓர் இமாம்



நெதர்லாந்தின் மிடில்பர்க் நகரில், அமெரிக்க அதிபராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பெயரால் வழங்கப்படும் விருதுகளில் ஒன்று வழிபாட்டுச் சுதந்திரத்துக்கானது. அவரவர் கடவுளை அவரவர் வழியில் வணங்கும் உரிமையை, 1941 ஜனவரியில் ஆற்றிய உரையில் நான்கு அடிப்படைச் சுதந்திரங்களுள் ஒன்றாகச் சொன்னவர் அவர். லாகூர் வழக்கறிஞர் அஸ்மா ஜஹாங்கீர் 2010-இல் இந்த விருதைப் பெற்றார். 2016-இல் பெற்ற மூவரைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களிடம் பேச ஆசைப்படுகிறேன்.

மூவரும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கப் பேராயர் தியூதொனே ந்சபலைங்கா, இமாம் ஓமர் கோபின் லயாமா, புராட்டஸ்டன்ட் போதகர் நிக்கோலா குவெரேகோயாமே.

2013 மார்ச்சில், பெரும்பாலும் முஸ்லிம்களைக் கொண்ட செலேக்கா படை ஆட்சியைப் பிடித்துக் கொள்ளையும் கொலையுமாக ஆடியது. அதற்குப் பழிவாங்கக் கிளம்பிய ஆன்டி-பலாக்கா கும்பல்கள் டிசம்பரில் தலைநகர் பாங்கியைத் தாக்கின. முஸ்லிம்களைத் தேடித் தேடி வெட்டின. அந்த நாட்களில் இமாமையும் அவர் குடும்பத்தையும் பேராயர் தன் வீட்டுக்கு அழைத்துவந்தார். ஏதோ ஓரிரவு அடைக்கலம் அல்ல. மாதக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். அவரவர் தொழுகையும் ஜெபமும் அவரவர் முறைப்படி நடந்தன. வெளியே இரு மதங்களின் பெயராலும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்!

மூவரும் ஒன்றாகவே ஊர் ஊராகப் போனார்கள். செலேக்கா இஸ்லாத்தின் படை அல்ல என்று இமாம் சொன்னார். ஆன்டி-பலாக்காவினர் கிறிஸ்தவத்தின் காவலர்கள் அல்ல என்று பேராயர் சொன்னார். எதிர்த்தரப்பைக் கண்டிப்பது யாருக்கும் சுலபம். சொந்த சபையின் முன்னால் நின்று சொந்தத் தரப்பைக் கண்டித்தார்களே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

எல்லாவற்றையும் அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. நாட்டின் 436 மசூதிகளில் 417 அழிக்கப்பட்டதாக 2015-இல் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் சமந்தா பவர் கூறினார். விருது மேடையில் மூவரும் நின்றபோதும் போர் ஓய்ந்திருக்கவில்லை. இமாம் 2020 நவம்பரில் காலமானார். அதற்குள் கர்தினால் ஆகிவிட்ட பேராயர், சமாதானப் பணியைத் தொடர்ந்தார்.

உங்கள் ஊரிலும் ஒரு கலவர நாளில், வேற்று மதத்தவருக்குக் கதவைத் திறந்துவிட்டவர்கள் இருப்பார்கள். எந்த விருதுப் பட்டியலும் அவர்களை எட்டியிருக்காது. அவர்களைப் பற்றி எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் வெளியிடுவோம். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று அவர்கள் நினைத்தால், அதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்