நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் பயணச்சீட்டு: யாருக்கு?

ரயில் முன்பதிவின் வேகத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்கப் போவதாக ரயில்வே அமைச்சகம் 2025 ஜூன் இறுதியில் அறிவித்தது. நிமிடத்துக்கு 32,000 பயணச்சீட்டுகள் என்ற அப்போதைய திறன் ஒன்றரை லட்சமாக உயரும் என்றது. இடம் இருக்கிறதா என்பது போன்ற விசாரணைகளைக் கையாளும் திறன் 4 லட்சத்திலிருந்து 40 லட்சமாகும் என்றும் கூறியது. 2025 டிசம்பருக்குள் பணியை முடிப்பது இலக்காக இருந்தது.

வரவேற்க வேண்டிய அறிவிப்புதான். ஆனால், காலம் தாழ்ந்து வந்திருக்கிறது. அப்போதைய கட்டமைப்பு 2010-இல் நடைமுறைக்கு வந்தது. அது இயங்கிய 'இட்டானியம்' வகை சர்வர்களுக்கான சில்லுகளை அனுப்புவதை இன்டெல் நிறுவனம் 2021-லேயே நிறுத்திவிட்டது.

ஆனாலும், வேகம் கூடினால் தத்கல் அவதி தீர்ந்துவிடும் என்று நம்புவதற்கில்லை. காரணம், இந்த இயந்திரங்கள் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. பயணியின் கைப்பேசிக்கும் இருக்கைகளின் கணக்கு இருக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவில் நிற்பது பயன்பாட்டு சர்வர். தரவுத்தளத்துடன் அது ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய இணைப்புகள் ஓர் அளவுக்கு உட்பட்டவை. அவை நிரம்பிவிட்டால் அடுத்து வரும் கோரிக்கைகள் காத்திருக்கும். திரை உறைந்து நிற்கும். பொறுமையிழந்தவர் பக்கத்தை மீண்டும் திறப்பார். அது இன்னொரு கோரிக்கையாகச் சென்று வரிசையை நீட்டும். நெரிசலில் சிக்கியவரே நெரிசலைக் கூட்டும் விந்தை இது.

சர்வர்களை அதிகரித்து, இணைப்புகளைச் செம்மைப்படுத்தி இந்த வரிசையைக் குறைக்கலாம். ஆனால், ஒரே படுக்கையை இருவருக்குத் தர முடியாது. எத்தனை லட்சம் பேர் வந்தாலும், கடைசிப் படியில் ஒரு ரயிலின் இடங்கள் ஒவ்வொன்றாகத்தான் பூட்டிப் பதிவு செய்யப்பட வேண்டும். வேகமான சர்வர் புதிய இடம் எதையும் உருவாக்காது. 'இடமில்லை' என்ற பதிலை விரைவாகச் சொல்லும். 2014-இல் இணையவழி முன்பதிவின் திறன் நிமிடத்துக்கு 2,000-இலிருந்து 7,200 ஆக உயர்த்தப்பட்டபோதும் காலை 10 மணி முறையீடுகள் ஓயவில்லை.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. தத்கல் தொடங்கும் முதல் ஐந்து நிமிடங்களில் உள்நுழைய முயல்பவற்றில் பாதிவரை தானியங்கி மென்பொருள்களே என்று ரயில்வே நிர்வாகமே ஒப்புக்கொண்டுள்ளது. இரண்டரைக் கோடிக்கும் அதிகமான பயனர் கணக்குகள் முடக்கப்பட்டுள்ளன. 2025 மே 22 காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 பயணச்சீட்டுகள் பதிவானது சாதனை என்றார்கள். அவற்றில் எத்தனை உண்மையான பயணிகளின் கைக்குப் போயின என்பதல்லவா கேள்வி?

2025 ஜூலை 1 முதல் இணையவழி தத்கலுக்கு ஆதார் சரிபார்ப்பும், முதல் 30 நிமிடங்களுக்கு முகவர்கள் மீதான தடையும் வந்திருப்பது சரியான திசை. ஜூலை 15 முதல் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் தேவை. சிக்னல் தடுமாறும் ஊர்களில் அந்தக் குறுஞ்செய்தி வந்து சேர்வதற்குள் இடங்கள் தீர்ந்துவிடாதா என்பதையும் நிர்வாகம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, நிமிடத்துக்கு எத்தனை என்ற ஒற்றை எண்ணோடு நிறுத்தாமல், முதல் பத்து நிமிடங்களில் பணம் கட்டியும் சீட்டு கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர், தடுக்கப்பட்ட தானியங்கிக் கோரிக்கைகள் எத்தனை என்பதையும் மாதந்தோறும் வெளியிட வேண்டும். பொங்கலுக்கு ஊர் திரும்புவோருக்கான முன்பதிவு, 60 நாள் விதிப்படி, நவம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும். 2025 டிசம்பர் இலக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.