மன ஆராய்ச்சியும் பைண்டுப் புத்தகமும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய நம் மேற்குப் பக்கத்து ஊர்களிலிருந்து மனோதத்துவம், அதாவது இன்று உளவியல் என்று சொல்லப்படுகிற படிப்பை எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் இப்போது காணக் கிடைக்கிறார்கள். தொழிற்சாலையிலே இரும்பு அறுத்தவருடைய மகளும், காய்கறிக் கூடை சுமந்தவருடைய மகனும் மனித மனத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் புறப்பட்டிருக்கிறார்கள் என்றால் அது சாதாரண சங்கதியல்ல. இவர்கள் பட்டம் பெறுவதற்குக் கடைசியாக ஒரு ஆராய்ச்சி வியாசம் எழுதி முடிக்க வேண்டியிருக்கிறது. அந்த வியாசம் என்பது என்ன, அதை முடிப்பது என்றால் என்ன அர்த்தம், அதனால் நம்மவர்க்கு ஆகப் போவதென்ன என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

"இது படித்தவர்கள் சமாசாரம், நமக்கெதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நமக்குத்தான் முக்கியமாக வேண்டும் என்கிறோம். ஏனெனில், மனம் என்கின்ற சரக்குக்கு இதுவரை நம் நாட்டில் வியாபாரிகளாயிருந்தவர்கள் யார்? பூசாரி, மந்திரவாதி, சோதிடன் ஆகிய மூவர்தானே! ஒரு பெண் பேசாமல் மூலையில் உட்கார்ந்தால் முனி பிடித்துவிட்டது. ஒரு பையன் படிப்பில் பின்தங்கினால் ஏழரைச் சனி. ஒருவன் இரவெல்லாம் தூங்காமல் புலம்பினால் பங்காளி வைத்த சூனியம். காரணம் சொல்லுகிறவனும் அவர்களே, பரிகாரம் சொல்லுகிறவனும் அவர்களே, பணம் வாங்குகிறவனும் அவர்களே. சரியாகவில்லை என்றால் மட்டும் பழி நம்முடைய தலையெழுத்தின் மேல்.

இந்த வியாபாரத்தின் கடைசி லாப நஷ்டக் கணக்கை 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியிலே பார்த்தோம். மனநோய் கண்டவர்களைத் தர்க்காவில் வைத்தால் குணமாகும் என்று நம்பிக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே சங்கிலியால் பிணைத்துக் கொட்டகையில் போட்டிருந்தார்கள். கொட்டகை தீப்பற்றிய போது ஓட முடியாமல் 28 பேர் வெந்து மாண்டார்கள். இது ஒரு மதத்தாரின் குற்றமல்ல. கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் தர்க்காவுக்கும் இந்த விஷயத்திலே பேதமே இல்லை. மனநோயாளரை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று சட்டப் புத்தகத்திலே எழுதுவதற்கு 2017 வரை ஆயிற்று.

அதே சமயத்தில் மற்றொரு கணக்கும் நம் கண்ணெதிரே இருக்கிறது. நம் அம்பத்தூருக்குப் பக்கத்திலே, அண்ணா நகர் மேற்கு விரிவிலே, டாக்டர் சாரதா மேனன் அம்மையார் 1984-இல் தொடங்கிய "ஸ்கார்ஃப்" என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிலையம் நடந்து வருகிறது. சென்னை மருத்துவர்கள் 1981-இல் தொடங்கி, புதிதாக மனச்சிதைவு கண்ட 90 நோயாளிகளை ஆண்டுக்கணக்காக விடாமல் தொடர்ந்து பார்த்து எழுதி வைத்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது இடைவிடாமல் நோயாகவே கிடந்தவர்கள் மிகச் சிலரே என்று தெரிந்தது. "பைத்தியம் என்றால் தீராது" என்ற பழைய தீர்ப்பு, உடுக்கை அடித்ததால் அல்ல, நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்ததால் பொய்யாயிற்று.

வேதம் எத்தனை ஆயிரம் வருஷத்தது என்று மார்தட்டுகிற நாடு இது. ஆனால் மனத்தை அளந்து பார்க்க ஆராய்ச்சிச் சாலை ஒன்று வேண்டும் என்று ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து வுண்ட் என்பவர் 1879-இல் செய்து காட்டிய பிறகுதான், கல்கத்தா சர்வகலாசாலையில் 1916-லும், மைசூரில் 1924-லும், நம் சென்னையில் 1940-களிலும் அதற்கென்று இலாகா ஏற்பட்டது. ஆத்மாவைப் பற்றி இலட்சம் சுலோகம் பாடினவர்களுக்கு, பக்கத்து வீட்டுக் குழந்தை ஏன் அழுகிறது என்று ஒரு தாளில் குறித்து வைக்கத் தோன்றவில்லை!

நிற்க. ஆராய்ச்சி வியாசம் என்றால் என்ன என்பதை ஒரு உதாரணத்தால் விளக்குவோம். தாயத்துக் கட்டினால் பரீட்சை பயம் போகும் என்று ஊரார் சொல்லுகிறார்கள். நம்மைப் போன்ற பகுத்தறிவுக்காரர்கள், "அதெல்லாம் பித்தலாட்டம்" என்கிறோம். மனோதத்துவ மாணவர் இருவர் பேச்சையும் அப்படியே ஒப்புக் கொள்ளக் கூடாது. அவர் செய்ய வேண்டியது என்ன? அறுபது பிள்ளைகளைத் திருவுளச் சீட்டுப் போட்டு மூன்று பங்காகப் பிரிக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். இருபது பேருக்கு மந்திரித்த தாயத்து. இருபது பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரியான வெறும் குழாய். இருபது பேருக்கு ஒன்றுமில்லை. யாருக்கு எந்தக் குழாய் என்பது கட்டிக் கொண்ட பிள்ளைகளுக்கும் தெரியாது, பயத்தை அளக்கிறவருக்கும் தெரியாது. கட்டுவதற்கு முன் ஒரு தரமும், ஒரு வாரம் கழித்து ஒரு தரமும் பயத்தை அளந்து பார்க்கிறார்.

மூன்று பங்கிலும் பயம் ஒரே அளவாகக் குறைந்திருந்தால், நாள் போகப் போகத் தானே குறைந்தது என்று அர்த்தம். குழாய் கட்டிய இரண்டு பங்கிலும் சமமாகவும், கட்டாதவர்களை விட அதிகமாகவும் குறைந்திருந்தால், வேலை செய்தது மந்திரமல்ல, நம்பிக்கை. மந்திரித்த தாயத்துக்காரர்களுக்கு மட்டுமே குறைந்திருந்தால்? அதையும் அப்படியே எழுத வேண்டும். வேறொருவர் மறுபடி செய்து பார்க்கும்படி வழியையும் எழுதி வைக்க வேண்டும். நமக்குப் பிடித்த முடிவு வரவில்லை என்பதற்காகத் தாளைக் கிழித்துப் போடுகிறவன், கருப்புச் சட்டை போட்டிருந்தாலும் சரி, பூசாரிக்குத் தம்பிதான் என்பது நமது அபிப்பிராயம்.

அன்றியும், இந்த ஆராய்ச்சியில் கலந்து கொள்ளுகிறவரிடம், "உமக்கு இஷ்டமிருந்தால் வாரும், இஷ்டமில்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக் கொள்ளலாம், நீர் சொன்னதை உம் பெயர் போட்டு யாரிடமும் சொல்லமாட்டோம்" என்று முன்னதாகவே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். எதையாவது மறைத்திருந்தால் முடிந்தவுடனே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தோழர்களே! இந்த வார்த்தைகளை எந்தச் சாமியாராவது, எந்தச் சோதிடனாவது உங்களிடம் சொன்னதுண்டா?

பார்த்து எழுதுவதில்கூட எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்பதற்கு ஒரு குதிரைக் கதை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று பெரும் பேச்சாயிருந்தது. கூட்டல் சொன்னால் காலால் தட்டி விடை சொல்லும். நம் தெருவில் வரும் பூம்பூம் மாடு தலையாட்டுவதைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். மாட்டுக்காரனாவது கயிற்றைச் சுண்டுகிறான். குதிரைக்காரரோ யோக்கியமானவர், காசு வாங்காதவர். பெரிய மனிதர்கள் கூடிப் பார்த்து, "மோசடி இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டும்ப் என்னும் பேராசிரியரிடம் வேலை செய்த ஆஸ்கர் பூங்ஸ்ட் என்பவர் மாத்திரம் விடாமல் சோதித்து 1907-இல் உண்மையை எழுதினார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவரைக் குதிரை பார்க்க முடியாவிட்டாலும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவருடைய தலை தம்மை அறியாமலே சிறிது அசைகிறது. அதைக் கண்டு குதிரை நிறுத்திவிடுகிறது. குறி கேட்கப் போனவர் முகத்தைப் பார்த்தே குறி சொல்லும் கோடங்கியின் இரகசியம் இதற்குள் இருக்கிறதா இல்லையா?

ஒரு மாணாக்கரின் வியாசத்தால் உலகத்துக்கு என்ன ஆகிவிடும் என்று ஏளனமாகக் கேட்பவர்களுக்கும் பதில் சொல்லுகிறோம். அமெரிக்காவில் மேமி கிளார்க் என்று ஒரு கறுப்பர் வகுப்புப் பெண். ஹோவர்டு சர்வகலாசாலையில் எம்.ஏ. பட்டத்துக்காக 1939-இல் அவர் எழுதிய வியாசம், பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகாத கறுப்புக் குழந்தைகள் தங்களைப் பற்றித் தாங்களே என்ன நினைக்கிறார்கள் என்பது. பிறகு அவரும் அவர் கணவர் கென்னத் கிளார்க்கும் வெள்ளைப் பொம்மை, பழுப்புப் பொம்மை இரண்டையும் குழந்தைகள் முன் வைத்து, எது நல்ல பொம்மை, எது கெட்டது, நீ எந்தப் பொம்மை மாதிரி என்று கேட்டார்கள். பெரும்பாலான கறுப்புக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே நல்லதென்றன. சில குழந்தைகள் கடைசிக் கேள்விக்கு அழுதே விட்டன. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளிக்கூடம் வைப்பது சட்டவிரோதம் என்று 1954-இல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னபோது, ஆதாரமாகக் காட்டிய எழுத்துக்களில் கென்னத் கிளார்க்கின் அறிக்கையும் ஒன்று. ஒரு பெண்ணின் பரீட்சை வியாசத்தில் முளைத்த கேள்வி சுப்ரீம் கோர்ட்டுப் படியேறிற்று!

தீண்டாமையையும் "நீ கீழ், நான் மேல்" என்பதையும் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு ஊட்டுகிற நம் நாட்டிலே அப்படிப்பட்ட கேள்விகளுக்கா பஞ்சம்? பூந்தமல்லியிலே பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசாங்கப் பள்ளி இருக்கிறது. முன்ஜன்மப் பாவத்தால் கண் போயிற்று என்று கேட்டு வளர்ந்த குழந்தை தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது? அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964 முதல் நடக்கிறது. வாரத்துக்கு வாரம் இராத்திரி ஷிப்டு மாறுகிற தொழிலாளியின் தூக்கமும் கோபமும் என்ன ஆகின்றன? இவையெல்லாம் வியாசத்துக்குரிய கேள்விகள் அல்லவா?

இனி, தடைகளைப் பார்ப்போம். டில்லியிலுள்ள யூ.ஜி.சி. 2022-இல் வகுத்த நான்கு வருஷப் படிப்பின் திட்டப்படி, முதல் ஆறு பருவங்களில் நூற்றுக்கு 75 மார்க்குக்குக் குறையாமல் வாங்கினவர்தான் ஆராய்ச்சியோடு கூடிய ஆனர்ஸ் பட்டத்துக்குப் போகலாம். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களில் மனோதத்துவ ஆனர்ஸ் என்றாலே வியாசம் உண்டு. இங்கேயோ கேள்வி கேட்பதற்கே 75 மார்க்கு வேண்டுமாம்! யார் வீட்டில் மூன்று தலைமுறையாகப் புத்தக அலமாரி இருக்கிறதோ, யார் நாக்கில் இங்கிலீஷ் தாராளமாகப் புரளுகிறதோ அவர் பிள்ளை 75 வாங்குவதற்கும், ஆவடி மின்சார ரயிலில் நின்றுகொண்டே பாடம் படித்து வீட்டில் முதல் முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளை 65 வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் புத்தியின் வித்தியாசமா? அல்லது வீட்டின் வித்தியாசமா? இதுவே மனோதத்துவத்தில் ஒரு நல்ல ஆராய்ச்சிக் கேள்வி என்போம்.

மற்றொரு தடை பெண் பிள்ளைகளுக்கு. வியாசம் முடிவதற்குள் முகூர்த்தம் பார்த்துவிடுகிறார்கள். நல்ல நாள் போய்விடுமாம்! ஓராண்டு உழைத்துச் சேர்த்த தாள்கள் பரணுக்குப் போகிறதே, அந்த நாள் மாத்திரம் நல்ல நாளா?

எல்லாவற்றையும் விடக் கேவலமான தடை ஒன்றுண்டு. பணம் கொடுத்தால் வியாசத்தையே எழுதிக் கொடுக்கும் கடைகள் ஏற்பட்டிருக்கின்றன. யாரையும் கேளாமலே கேட்டதாக எண்கள், யாரும் சொல்லாமலே சொன்னதாக முடிவுகள், கடைசியில் தங்க எழுத்துப் போட்ட பைண்டு. இதற்கும் தட்சணை வாங்கிக் கொண்டு புண்ணியம் சேர்த்துக் கொடுக்கும் புரோகிதத்துக்கும் என்ன வித்தியாசம்?

இந்தப் பாவம் ஏழைப் பிள்ளைகளோடு நிற்கவில்லை. டச்சு தேசத்தில் டிட்ரிக் ஸ்டாப்பல் என்ற பேர்பெற்ற மனோதத்துவப் பேராசிரியரே இல்லாத ஆட்களிடம் கேட்டதாக எண்களை இட்டுக்கட்டியது 2011-இல் வெளியாயிற்று. வெளியாக்கினவர்கள் யார்? அவருக்குக் கீழே வேலை செய்த இளம் ஆராய்ச்சிக்காரர்களே! 2015-இல் பல தேசத்தார் சேர்ந்து, அச்சான நூறு மனோதத்துவ ஆராய்ச்சிகளை மறுபடி செய்து பார்த்ததில், சுமார் மூன்றில் ஒரு பங்குதான் முன்போலவே நிலைத்தது. "பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானமும் பொய்தானே!" என்று சில வைதிகர்கள் குதிக்கிறார்கள். தன் பொய்யைத் தானே தேடிப் பிடித்து, எண்ணிக்கை போட்டு, ஊரறியச் சொல்லுகிற சாஸ்திரம் ஒன்று உங்களிடம் இருந்தால் காட்டுங்கள் என்கிறோம்.

ஆகவே, வியாசம் முடிந்தது என்பதற்கு அடையாளம் பைண்டு அல்ல. யாரிடம் கேட்டாரோ அவர் பேசுகிற தமிழிலே கேட்டிருக்க வேண்டும். இங்கிலீஷ் கேள்வித்தாளை ஒருவர் தமிழாக்க, அதை மற்றொருவர் திரும்ப இங்கிலீஷாக்கி, பொருள் மாறவில்லையென்று ஒத்துப் பார்த்திருக்க வேண்டும். வந்த விடையை வந்தபடியே எழுதியிருக்க வேண்டும். முடிவாக, கண்டதை அந்த ஜனங்களுக்கே திரும்பச் சொல்ல வேண்டும். நாற்பது தொழிலாளிகளிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டு எழுதின வியாசம் கல்லூரி அலமாரியில் தூங்கினால், தூக்கம் கெட்ட அந்த நாற்பது பேருக்கு என்ன லாபம்?

பெற்றோர்களுக்கு நாம் சொல்லுவது: பட்டம் கைக்கு வரும்வரை பிள்ளைகளை, முக்கியமாகப் பெண்களை, விட்டுவிடுங்கள். அவர்கள் கேள்வித்தாளோடு உங்கள் வாசலுக்கு வந்தால் ஒரு நாழிகை உட்கார்ந்து உண்மையைச் சொல்லுங்கள். நம் சங்கங்களுக்குச் சொல்லுவது: வியாசம் முடித்த பிள்ளையை மேடையேற்றி மாலை போடுவதோடு நில்லாமல், என்ன கண்டாய் என்று தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், குறுக்குக் கேள்வியும் கேளுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லுவது ஒன்றுதான். உங்கள் பாட்டன்மாருக்குக் கேள்வி கேட்க உரிமையில்லாதிருந்தது. உங்களுக்கு அந்த உரிமை ஒரு வருஷத்துக்கு, மேஜை நாற்காலியோடு கொடுக்கப்பட்டிருக்கிறது. அதைக் கடையில் விற்றுவிடாதீர்கள்.