தோட்டத்து நோயாளிக்கு யார் பொறுப்பு?

இந்நாட்டின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் ஒழிந்தது 1951ஆம் ஆண்டில். அன்று தொட்டு ஆட்சிக்கு வந்த கட்சி எதுவாயினும், இலவச வைத்தியத்தைத் தன் பெருமையாகப் பேசத் தவறியதில்லை. பெருமையில் பொய்யில்லை. மலேரியாவை ஒழித்த நாடென்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கிற்று. 2030க்குள் எல்லா மக்களுக்கும் வைத்திய வசதி கிட்ட வேண்டுமென 2019இல் ஐக்கிய நாடுகள் சபையில் உலகத் தலைவர்கள் பிரகடனம் செய்தனர்.

ஆனால் இந்த இலவச வைத்தியம் பதுளை ஆஸ்பத்திரியின் வாயிலில் தொடங்குகிறதே அன்றி, லயத்தின் வாசலில் தொடங்கவில்லை. மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ மலைமேல் உள்ள ஒரு பிரிவில் கர்ப்பிணி ஒருத்திக்கு இரவில் வலி கண்டால் என்ன நடக்கிறது? தோட்டத்து மருந்துச்சாலை பூட்டிக் கிடக்கும். அம்புலன்ஸ் ஏற மறுக்கும் பாதையில் முச்சக்கர வண்டிக்காரன் கேட்ட கூலியைக் கொடுத்தாக வேண்டும். பகலில் கிளினிக்குக்குப் போனாலோ அன்றைய பேர் போயிற்று. வைத்தியம் இலவசம், வைத்தியரிடம் போய்ச் சேருவதற்குத்தான் விலை!

2016ஆம் ஆண்டின் அரசாங்க ஆய்வே சாட்சி சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் 17 பேர். தோட்டப் பகுதியிலோ 32 பேர்.

இந்நிலைக்கு வேர் எங்கே? 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டம் நோயுற்ற தொழிலாளியைக் கவனிக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. வெள்ளைக்காரன் கருணையால் இயற்றியதல்ல அது. நோயாளியால் கொழுந்து பறிக்க முடியாதென்ற கணக்கால் இயற்றியது. ஆயினும் பொறுப்பாளி இன்னார் என்று அச்சட்டம் விரல் நீட்டிக் காட்டிற்று. அந்தத் தெளிவு இன்று இல்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1987இல் 13ஆவது திருத்தம் சுகாதாரத்தை மாகாணங்களுக்குப் பகிர்ந்தது. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. தொழிலாளர் நலனைக் கவனிக்க நிதியம் ஒன்று முளைத்தது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கமே ஏற்குமென்ற பேச்சு எழுந்தது. சிலவற்றை ஏற்றார்கள், மற்றவற்றை மறந்தார்கள். கம்பெனி நிதியத்தைக் காட்டுகிறது. நிதியம் மாகாணத்தைக் காட்டுகிறது. மாகாணம் கொழும்பைக் காட்டுகிறது. ஊவா மாகாணசபையின் பதவிக்காலமோ 2019இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. முறையீட்டை யாரிடம் கொடுப்பது?

மொழியும் ஒரு தடை. தமிழும் அரச கரும மொழியென 1987இல் எழுதிவைத்தார்கள். கிளினிக் அட்டையில் எழுதியதை வாசிக்கத் தெரியாத தாய், அடுத்த தவணை எந்த நாளென்று பக்கத்து லயத்துப் பையனைக் கேட்கிறாள்.

நாம் சலுகை கேட்கவில்லை. பதுளை நகரவாசிக்கு உள்ளது ஹாலிஎலை, பசறை, லுணுகலை, ஹல்துமுல்லைத் தோட்டங்களில் வாழ்பவருக்கும் வேண்டும் என்கிறோம். எஞ்சிய தோட்ட மருந்துச்சாலைகள் எவை, எந்தத் திகதிக்குள் சுகாதார அமைச்சு அவற்றை ஏற்கும் என்று அட்டவணை ஒன்று வெளியாக வேண்டும். தமிழ் பேசும் மருத்துவமாதர் நியமிக்கப்பட வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக் நாளில் முழுப்பேர் வழங்கப்பட வேண்டும். இதைக் கம்பெனிகளின் மனச்சாட்சிக்கு விடாமல் சட்டத்தில் எழுத வேண்டும்.

பதுளை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இம்மூன்றையும் கேள்விகளாக்கி அனுப்புகிறோம். வரும் பதில்களை இதே பக்கத்தில் வெளியிடுவோம். பதில் தராதோர் பெயர்களையும் வெளியிடுவோம்.