கை நடுங்கினால் மாத்திரையை நிறுத்தலாமா?

சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிக்கொண்டு வீடு திரும்பிய சிலருக்கு, கொஞ்ச நாளில் புதிதாக ஒரு தொல்லை தலைகாட்டும். டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கும், கையெழுத்து கோணலாகும். 'ஆபரேஷன் பண்ணின உடம்பு, போகப் போகச் சரியாகிடும்' என்று வீட்டில் சமாதானம் சொல்வார்கள். ஆனால், பெரும்பாலும் காரணம் டாக்ரோலிமஸ் மாத்திரைதான்.

மாற்றிவைத்த உறுப்பை நம் உடலின் எதிர்ப்புச் சக்தி அந்நியமாக நினைத்துத் தாக்கும். அதை அடக்கிவைப்பதுதான் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மருந்துகளின் வேலை. இவை கால்சிநியூரின் என்ற புரதத்தின் செயலைத் தடுக்கின்றன. அதே புரதம் மூளையிலும் நிறைய இருக்கிறது. அதனால்தான் நடுக்கம், தலைவலி, தூக்கமின்மை, கை கால் மரத்துப்போவது எல்லாம் வருகின்றன.

ரத்தத்தில் மருந்தின் அளவு கூடினால் தொல்லையும் கூடும். பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளுகோனசோல், கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாடிக், ரத்த அழுத்தத்துக்கான டில்டியாசெம் ஆகியவை அளவை ஏற்றிவிடும். கடுமையான வயிற்றுப்போக்கும், பம்ளிமாஸ் பழமும்கூட ஏற்றலாம். எனவே, மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக எந்த மருந்தும் வாங்காதீர்கள்.

நடுக்கம் தெரிந்தால், சிகிச்சை தந்த மருத்துவமனைக்கு உடனே தகவல் சொல்லுங்கள். ரத்தத்தில் மருந்தின் அளவையும் மெக்னீசியத்தையும் பார்ப்பார்கள். பரிசோதனை நாளில் காலை மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். முன்பே போட்டால் அளவு தப்பாகக் காட்டும். டோஸைக் குறைத்தாலே பலருக்கு நடுக்கம் அடங்கிவிடும்.

கடும் தலைவலி, பார்வை மங்கல், குழப்பமான பேச்சு, வலிப்பு - இவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ரத்த அழுத்தம் எகிறி, மூளையின் பின்பகுதியில் வீக்கம் வந்திருக்கலாம். எம்.ஆர்.ஐ ஸ்கேனில் தெரியும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலானவர்கள் குணமாகிவிடுகிறார்கள். தலைவலியோடு காய்ச்சலும் இருந்தால் மூளைத் தொற்றாகவும் இருக்கலாம். அதற்கும் காத்திருக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மாத்திரையை நீங்களாக நிறுத்துவது. நடுக்கம் நிற்கலாம், ஆனால், எதிர்ப்புச் சக்தி புது உறுப்பைத் தாக்க ஆரம்பித்துவிடும். ஆரம்பத்தில் வலிகூடத் தெரியாது. டோஸைக் குறைப்பதோ மருந்தை மாற்றுவதோ டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.