ஒற்றியும் அறுதியும்

பூட்டிய வீடு விற்ற வீடு ஆகாது. இதனை நமது விவசாயிக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. காணியை ஒற்றி வைத்தவனுக்கு மீட்சி உண்டு என்பதும், அறுதியாய் எழுதிக் கொடுத்தவனுக்கு மீட்சி இல்லை என்பதும் கையெழுத்து வைக்கத் தெரியாத கிழவரும் அறிந்த நியாயங்கள். ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டளவில் தேசவழமையைத் தொகுத்தெழுதுவதற்கு முன்னரே நம் மண்ணில் வழங்கி வந்த நியாயங்கள் அவை. உறுதியில் ஒரு சொல் பிசகினால் நொத்தாரிசின் வாசலில் நான்கு நாள் நின்று திருத்துவிக்கும் நம் மக்கள், கைத்தொலைபேசியில் உள்ள சமூக வலைத்தளக் கணக்கொன்றை மூடும்போது மட்டும் எதில் கைவைக்கிறோம், எதை இழக்கிறோம், எது இன்னும் பிறர் கையில் கிடக்கிறது என்று கேளாமலே விரலை அழுத்தி விடுகின்றனரே! இதனைக் கண்டு வருந்தியே இக்கட்டுரையை எழுத முனைந்தோம்.

சில மாதங்களுக்கு முன் வலிகாமத்து வெங்காயச் செய்கையாளர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். அறுபதைக் கடந்தவர், கடன் என்று எவர் வாசலையும் மிதித்தறியாதவர். அவருடைய பெயரில் அவருடைய படத்தோடு கூடிய கணக்கிலிருந்து, கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர் நால்வருக்கு அவசர வைத்தியச் செலவுக்குப் பணம் கேட்டுச் செய்தி போயிருக்கிறது. இருவர் அனுப்பியும் விட்டனர். பணம் வேறெவரோ ஒருவரின் கைக்குப் போயிற்று. மைத்துனர் ஒருவர் அன்று தொட்டு அவரோடு பேசுவதில்லை. “ஐயா, அந்தக் கணக்கை நான் அழிச்சு ரெண்டு வருசமாகுது, இல்லாத கணக்கிலை நான் எப்பிடிக் காசு கேப்பன்?” என்று அவர் கேட்டபோது குரல் தழுதழுத்தது.

நாம் விசாரித்துப் பார்த்ததில் உண்மை வெளிப்பட்டது. அவர் கணக்கை அழிக்கவில்லை, தற்காலிகமாக முடக்கியிருந்தார். அதன்பின் தம் பழைய தொலைபேசியைத் துடைத்துத் துப்புரவாக்காமல் விற்றுவிட்டார். கடவுச்சொல் அதிலேயே கிடந்தது. வாங்கியவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு அது போன பின், எவனோ ஒருவன் படலையைத் தள்ளிப் பார்த்தான், திறந்து கொண்டது. அவ்வளவே. முடக்கிய கணக்கு எவர் உள்நுழைந்தாலும் உயிர் பெற்றெழும் இயல்பினது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. எழுதியிருந்தது, ஆனால் எந்தத் தமிழன் வாசித்து விளங்கக்கூடிய முறையில் எழுதியிருந்தது?

ஆகவே முதலில் இவ்விரண்டையும் பிரித்தறிவோம். முகநூலையே எடுத்துக் கொள்வோம். நம்மவருள் பெரும்பாலார் புழங்குவது அதுவன்றோ? அங்கே முடக்கம் என்பது ஒற்றியைப் போன்றது. உங்கள் பக்கம் பிறர் கண்ணுக்கு மறைகிறது. ஆனால் நீங்கள் முன்பு அனுப்பிய செய்திகள் பெற்றவர்களிடம் இருந்தபடியே இருக்கும். மெசென்ஜர் என்னும் செய்திச் சேவை தொடர்ந்து இயங்கவும் கூடும். உங்கள் படங்களும் எழுத்தும் நண்பர் பட்டியலும் நிறுவனத்தின் வசமே கிடக்கும். ஒற்றி வைத்த வளவின் நுங்கும் பழமும் ஒற்றி பிடித்தவனுக்கே என்பது நம்மூர் வழக்கு. ஆயினும் அங்கே அவன் நமக்குப் பணம் தந்திருக்கிறான். இங்கே நாம் பெற்றது யாது?

நிரந்தர அழிப்பு என்பது அறுதி. அந்த அறுதிக்கும் ஒரு தவணை உண்டு. அழிக்கும்படி கேட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மனம் மாறினால் மறுபடி உள்நுழைந்து அக்கோரிக்கையை இரத்துச் செய்யலாம். முன்னர் இத்தவணை 14 நாட்களாயிருந்தது. 2018ஆம் ஆண்டில்தான் நீட்டினர். அழிக்கத் தொடங்கியபின் யாவும் சேமிப்பகங்களிலிருந்து நீங்க 90 நாட்கள் வரை செல்லலாம் என்று அந்நிறுவனமே கூறுகிறது. சட்டத் தேவைகளுக்காகச் சிலவற்றை அதன் பின்னரும் வைத்திருக்கக் கூடும். இன்ஸ்ரகிராமிலும் இதே 30 நாட் தவணைதான். வாட்ஸ்அப் கணக்கை அழித்தாலோ மீட்சியே இல்லை. சேர்ந்திருந்த குழுக்கள் யாவற்றிலுமிருந்தும் நீங்கி விடுவீர்கள்.

இன்னொன்று. தொலைபேசித் திரையிலிருந்து செயலியை நீக்குவது கணக்கை அழிப்பதாகாது. வீட்டுத் திறப்பைக் கிணற்றில் போட்டுவிட்டு வீட்டை இடித்துவிட்டேன் என்று எவரேனும் சொல்வரோ? படித்த உத்தியோகத்தர் பலர் இதனைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். விவசாயியை மட்டும் குறைகூற நமக்கு நியாயமில்லை.

அழிக்கும்படி கேட்டால் உண்மையிலேயே அழிக்கிறார்களா என்ற ஐயம் நமக்கு மட்டும் எழுந்ததன்று. ஒஸ்திரியா நாட்டுச் சட்ட மாணவர் மக்ஸ் ஷ்ரெம்ஸ் 2011ஆம் ஆண்டில் தம்மைப் பற்றி முகநூல் வைத்திருக்கும் விபரம் முழுவதையும் தரும்படி கேட்டார். 1,200 பக்கங்களுக்கு மேல் வந்து சேர்ந்தது. தாம் அழித்து விட்டதாக நம்பியிருந்தவையும் அதிலே இருக்கக் கண்டார். அந்த மாணவர் தொடுத்த முறைப்பாடுகளும் வழக்குகளும் பின்னர் ஐரோப்பாவையே உலுக்கின. தனி மனிதன் ஒருவன், கையில் சட்டப் புத்தகம் ஒன்று. அதற்குமேல் அவரிடம் யாதும் இருக்கவில்லை.

ஸ்பானிய நாட்டவர் ஒருவரின் வழக்கும் நம்மவர் அறியத் தக்கது. கடனுக்காக அவர் ஆதனம் ஏலத்துக்கு வந்த அறிவித்தல் 1998ஆம் ஆண்டுப் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. கடன் தீர்ந்தது, ஆண்டுகள் பல கழிந்தன. ஆனால் கூகுளில் அவர் பெயரைத் தேடியவர்க்கெல்லாம் அந்த ஏலமே முன்வந்து நின்றது. 2014 மே 13ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. பத்திரிகையின் பழைய ஏட்டை எவரும் கிழிக்கவில்லை. பெயரைத் தேடும்போது அந்த இணைப்பைக் காட்ட வேண்டாம் என்பதே தீர்ப்பின் சாரம். வரலாற்றையும் காத்து மானத்தையும் காத்த அந்த நுட்பத்தை நாம் போற்றுகின்றோம். 2018 மே 25 முதல் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 17ஆம் உறுப்புரை, தன்னைப் பற்றிய தரவை அழிக்கும்படி கேட்கும் உரிமையை வெளிப்படையாகவே வழங்கிற்று.

நம் நாட்டிலோ? இங்கும் ஒரு சட்டம் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிப்பித்துக் கொள்ளும் உரிமையை ஏட்டிலே தந்தது. இலங்கையில் உள்ளவர்களுக்குச் சேவை வழங்கும் பிறநாட்டு நிறுவனங்களையும் அது கட்டுப்படுத்தும். நல்ல சட்டம், மறுக்கமாட்டோம். ஆனால் அவ்வுரிமைகள் உயிர்பெற வேண்டிய 2025 மார்ச் வந்தபோது தவணை தள்ளிப் போடப்பட்டது. அதே ஆண்டில் திருத்தச் சட்டமும் வந்தது. இதனோடு 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இலக்கம் ஒன்றே, வேகம் வேறு. ஆணைக்குழு ஒன்று கட்டளையிட்டுப் பிறர் எழுத்தை நீக்குவிக்க வழி செய்த அச்சட்டம் 2024 ஜனவரியில் நிறைவேறி, பெப்ரவரி முதலாம் திகதியே சட்டமாயிற்று. நீக்கு என்று ஆணையிடும் அதிகாரம் ஆள்வோருக்கு ஒரு கிழமையில் கிடைத்தது. என்னுடையதை நீக்கு என்று கேட்கும் உரிமைக்குக் குடிமகன் மூன்று ஆண்டு காத்திருந்தும் தவணையே கிடைத்தது. வழக்குத் தவணைகளில் வாழ்நாளைக் கழிக்கும் நமக்கே இது மிகையாகப் பட்டது.

இனி, நம் இளைஞர் நெஞ்சில் உள்ள அச்சத்தைப் பற்றிப் பேசாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. முகநூற் பதிவுக்காகக் கைதானவர்களை நாம் அறிவோம். நினைவேந்தற் படம் ஒன்றைப் பகிர்ந்தமைக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் மறியலிருந்த தமிழ் இளைஞர் பலர். சமூக விமர்சகர் றம்ஸி ராசிக், பேனாவையும் விசைப்பலகையையும் கொண்டு கருத்துப் போர் நடத்த வேண்டும் என எழுதியமைக்காக 2020 ஏப்ரலில் கைதாகி ஐந்து மாதங்களுக்கு மேல் அடைபட்டிருந்தார். 2023ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்த்து நட்டஈடு வழங்கப் பணித்தது. தீர்ப்பு நன்று. இழந்த மாதங்களை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்?

இவற்றைக் கண்டு வீட்டிலுள்ள தாய்மார் “எல்லாத்தையும் அழி மேனே” என்று பிள்ளைகளை வற்புறுத்துகின்றனர். அவர்கள் அச்சத்தை நாம் எள்ளவில்லை. ஆனால் சட்டம் அறிந்தவர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அழைப்பாணையோ விசாரணையோ வந்தபின் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். சான்றை மறைத்தல் என்ற புதிய குற்றச்சாட்டுக்கு நீங்களே வழி திறந்து கொடுப்பீர்கள். உங்களைக் காக்கக்கூடிய சான்றும் அக்கணக்கிலேயே இருக்கலாம். எதிராளி திரையைப் படம் பிடித்து முன்னரே வைத்திருப்பான். முழு உரையாடலைக் காட்டி மறுக்க உங்களிடம் யாதும் எஞ்சியிராது. முதலில் ஒரு சட்டத்தரணியைக் காணுங்கள். கூலி கொடுக்க வசதியில்லையேல் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

அழிக்கவே வேண்டாம் என்கிறோமா? இல்லை. பயன்படாக் கணக்கு பாழடைந்த வளவு. பாம்பும் பூரானும் குடிபுகும். நம் வெங்காயச் செய்கையாளர் கண்டது அதுவே. போக நினைப்பவர் முறையாகப் போகட்டும். உள்ளிருக்கும் படங்களையும் கடிதங்களையும் முதலில் பதிவிறக்கம் செய்துகொள்க. அதற்கான வழி அங்கேயே உண்டு. அக்கணக்கின் திறப்பைக் கொண்டு வேறு சேவைகளுக்குள் நுழைபவராயின் அவற்றுக்குத் தனித்திறப்புச் செய்துகொள்க. அழிக்கும்படி கேட்ட திகதி தெரியத் திரையைப் படம் பிடித்து வைக்க. நாளை ஒருவன் உங்கள் பெயரால் கடன் கேட்டால் அது உங்கள் கைச் சாட்சி.

ஊர்ப் பக்கங்களை நடத்துவோர் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். ஒரு பக்கத்துக்கு முழு அதிகாரம் உடையவர் ஒருவரே ஆயின், அவர் கணக்கோடு அப்பக்கமும் அழிந்து விடும். கோயிற் கொடியேற்றம், பள்ளிக்கூட விழா, மரண அறிவித்தல், இடப்பெயர்வுக்கு முன் எவரோ எடுத்து எப்படியோ தப்பிய வீட்டுப் படம் எல்லாம் எத்தனை ஊர்களுக்கு அங்கேதான் இருக்கின்றன! 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தமைக்கு இன்றும் நாம் நெஞ்சு வேகின்றோம். அது பிறர் இட்ட தீ. சங்கத் தேர்தலிலே தோற்ற கோபத்தில் ஊரின் பத்தாண்டுப் பதிவை ஒரே விரலால் துடைத்தெறிந்தவர் ஒருவரையும் நாம் அறிவோம், அவர் நம்மவர். ஒவ்வொரு சனசமூக நிலையமும் விவசாய சம்மேளனமும் தத்தம் பக்கத்துக்கு மூவரையாவது பொறுப்பாளராக்கி, அதனைக் கூட்டக் குறிப்பேட்டில் பதிந்து கொள்ளட்டும்.

நம் பாராளுமன்ற உறுப்பினர்களையும் ஒன்று கேட்கின்றோம். இந்நாட்டுச் சட்டங்களின் கடைப்பிரிவிலே சிங்கள வாசகத்துக்கும் தமிழ் வாசகத்துக்கும் முரண் நேரின் சிங்கள வாசகமே மேலோங்கும் என்று எழுதி வைப்பது வழக்கம். தரவுச் சட்டமும் அதற்கு விலக்கன்று. அது நிற்க, முறைப்பாட்டுப் படிவத்தையேனும் தெளிந்த தமிழில் பிரதேச செயலகந்தோறும் வைப்பிக்க உங்களால் முடியாதா? தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்குத் தமிழில் எழுதியவனுக்குத் தமிழில் மறுமொழி எத்தனை நாளில் வரும் என்று சபையிலே வினா எழுப்பிப் பதிலை ஹன்சாட்டில் ஏற்றுங்கள். அந்த நாளில் வலிகாமத்துப் பெரியவரையும் அழைத்துக்கொண்டு பார்வையாளர் மாடத்துக்கு வர நாம் ஆயத்தம். அவருடைய கணக்கு அழிப்புக்குக் கொடுத்து இப்போது பதினொரு நாள் ஆகிறது. இன்னும் பத்தொன்பது நாள் தவணை இருக்கிறது. இம்முறை கடவுச்சொல்லை மாற்றிய பின்னரே கொடுத்தோம். மைத்துனர் இன்னும் பேசவில்லை.