உமிக்கரிக்கு வக்காலத்து வேண்டாம்

உத்திரமேரூர்ப் பக்கம் ரைஸ்மில்லில் உமிக்குப் பஞ்சமில்லை. கருக்கி, உப்பும் கிராம்பும் சேர்த்து இடித்தால் பற்பொடி தயார், பேஸ்ட்டெல்லாம் கம்பெனிக்காரன் கொள்ளை என்கிறார் நண்பர். எண்பது வயதிலும் பல் ஆடாத பாட்டியைச் சாட்சிக்கு அழைக்கிறார்.

அந்தப் பாட்டி கேழ்வரகுக் கூழில் வளர்ந்தவர். பேரனோ காலையில் டீயில் பிஸ்கட் நனைக்கிறான், பள்ளிக்கூட வாசலில் மிட்டாய் வாங்குகிறான். சர்க்கரையைத் தின்று கிருமிகள் கக்கும் அமிலம்தான் பல்லைச் சொத்தையாக்குகிறது. அதற்கு உமிக்கரியில் மருந்தில்லை. போதாக்குறைக்கு, உமியில் சிலிக்கா நிறைய. எவ்வளவு சலித்தாலும் விரலிடையில் நறநறக்கும் அந்தத் துகள் எனாமலைத் தேய்க்கும். தேய்ந்த எனாமல் மறுபடி வளராது.

வேப்பங்குச்சியை நான் குறை சொல்லவில்லை. நுனியை நன்றாக மென்று, ஈறு கிழியாமல் தேய்த்தால் அழுக்குப் போகும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதும் நல்லதே. ஆனால் சொத்தையைத் தடுப்பதில் நிரூபணமானது ஃபுளோரைடு. 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஃபுளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்தது. விலைதான் கவலையா? பெரியவர்களுக்குப் பட்டாணி அளவு, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவு போதும். விளம்பரத்தில் வருவதுபோல் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் பல்லில் கரியைத் தேய்க்காதீர்கள். இரவு படுக்கும் முன்னும் ஒருமுறை பேஸ்ட் போட்டுத் துலக்க வையுங்கள்.